எல்லாரையும் கேட்டாச்சா?

கூட்டத்துக்கு மொத்தம் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மின்விசிறியைப் பழுது பார்க்க வந்தவர். இன்னொருவர் அவருக்கு ஏணி பிடிக்க வந்தவர்.

வந்தவர்களை வெறுமனே அனுப்ப ஜோயலுக்கு மனமில்லை. "அண்ணா, சேரப்பணஞ்சேரி ஸ்டாப்புல நிழற்குடை கட்டப் போறோம். எந்த இடத்துல வெச்சா நல்லா இருக்கும்னு நினைக்கறீங்க?" என்று ஏணியைப் பார்த்துக் கேட்டான்.

ஏணி மேல் இருந்தவர் குனிந்து பார்த்தார். "மொதல்ல அந்த சுவிட்சு ஆஃப்ல கீதான்னு பாருங்க சார். அப்பால குடையப் பத்திப் பேசலாம்."

விஷயம் சின்னதுதான். ஒரகடத்தில் காருக்குக் கதவுப் பூட்டு செய்யும் கம்பெனி அது. சேரப்பணஞ்சேரியிலிருந்து நாற்பது பேருக்கு மேல் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். மழையானாலும் வெயிலானாலும் ரோட்டோரம்தான் நிற்க வேண்டும். ஒரு நிழற்குடை கட்டித் தரலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. மற்ற இடமாக இருந்தால் நாலு இரும்புக் கம்பத்தை நட்டு, மேலே தகரத்தைப் போட்டு, திறந்து வைத்தவர் பெயரைக் குடையை விடப் பெரிதாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு கொள்கை வந்திருந்தது. எந்த வேலையானாலும் அதனால் பயன்பெறும் மக்களைக் கலந்து பேசி, அவர்களையே முடிவெடுக்க வைக்க வேண்டும். அப்படி மக்களைக் கலக்க ஒரு ஆள் வேண்டுமே? அதற்காக எடுக்கப்பட்டவன்தான் ஜோயல்.

"கூட்டம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார் ஹெச்.ஆர். மேனேஜர் மதிவதனி.

"ரெண்டு பேர் வந்தாங்க மேடம்."

"நாப்பது பேர்ல ரெண்டே பேரா?"

"அந்த ரெண்டு பேரும் நாப்பதுல இல்ல மேடம். ஷிஃப்ட் முடிஞ்ச உடனே பஸ் கிளம்பிடுது. யாரும் நிக்கல."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

"வெள்ளிக்கிழமை டைரக்டர் மும்பையிலேர்ந்து வர்றார். நேரா சேரப்பணஞ்சேரிக்கே போய் ஜனங்களை நிறுத்திக் கேப்பார். எல்லாரையும் கேட்டாச்சா, எல்லாரும் சேர்ந்து ஒரு இடத்தைச் சொல்லியாச்சா, இது ரெண்டும் வேணும். இல்லன்னா எனக்குப் பேச்சு விழும். உனக்கு என்ன விழும்னு சொல்ல வேண்டியதில்ல."

"முடிச்சுட்டா மேடம்?"

"முடிச்சுக் காட்டு. பர்மனென்ட் பத்தி அப்புறம் பேசலாம்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார் மேடம். ஜோயல் காதில் 'பர்மனென்ட்' மட்டும் தேனாய் விழுந்தது.

விழத்தானே செய்யும்? மறைமலை நகரில் ஷெர்லின் என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பெரியநாயகம் என்று ஒரு அப்பா இருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர்கள் கல்யாண ஓலையை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சபை நடுவே அறிவிப்பார்கள். "பையன் பர்மனென்ட் ஆகலன்னா தடை சொல்ல வேற எவனும் வர வேணாம். நானே எழுந்திரிச்சு நிப்பேன்" என்று பெரியநாயகம் சொல்லிவிட்டார். செய்தாலும் செய்வார். அவர் குரலுக்கு மைக்கும் தேவைப்படாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை ஜோயல் வேறு வழி கண்டுபிடித்தான். ஜனங்கள் கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன, கூட்டத்தை பஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அவனும் அதே பஸ்ஸில் படப்பையில் ஏறுகிறவன். சேரப்பணஞ்சேரியில் எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம். நிழற்குடை எங்க வேணும்னு நீங்களே பேசி ஒரு முடிவு சொல்லணும். உங்க முடிவுதான் கம்பெனி முடிவு."

பஸ் முழுக்க ஒரே இரைச்சல். டிரைவர் பாண்டுரங்கன் முன்கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "குந்துங்க சார். அவங்களே பேசிக்குவாங்கோ. நீங்க இப்படி நின்னுகினு இருந்தா, பிரேக் அடிச்சேன்னா நேரா ரோட்டுக்குத்தான் போவீங்க."

ஜோயல் உட்கார்ந்தான். பின்னால் பேச்சு ஏறி, இறங்கி, ஒரு வழியாக அடங்கியது. பஸ் ஒரகடத்தை நெருங்கும்போது செல்வமேரி எழுந்து முன்னால் வந்தாள். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் பல வருஷமாக இருப்பவள். அந்த பஸ்ஸில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள்.

"சார், பேசிட்டோம்..." என்று ஆரம்பித்தவள், அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து நிறுத்தினாள். "இன்னா சார், நீங்களும் மஞ்சக் கார்டா?"

அந்தக் கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு நீல அட்டை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். பஸ்ஸில் இருந்த கழுத்துகளில் பெரும்பாலும் மஞ்சள்தான்.

"ஆமாக்கா. இந்த நிழற்குடை வேலைக்குன்னுதான் எடுத்தாங்க. நல்லபடியா முடிச்சா பர்மனென்ட் பண்றேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அப்புறம்தான் கல்யாணமே" என்றான் ஜோயல், கொஞ்சம் வெட்கத்தோடு.

கடைசி சீட்டில் யாரோ இருமினார்கள். தகடு அடிக்கும் பிரஸ் செக்‌ஷன் எழிலரசன். செல்வமேரி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு ஜோயலைப் பார்த்தாள்.

"சரி, பேசிட்டோம்னு சொன்னீங்களே அக்கா, எந்த இடம்?"

"இல்ல சார்... இன்னும் கொஞ்சம் பேச வேண்டி கீது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோயலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. மஞ்சள் அட்டையைப் பார்த்ததும் மரியாதை போய்விட்டது, இவன் நம்ம ஜாதி, இவனிடம் என்ன சொல்வது என்று நினைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டான். அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். இனி கொஞ்சம் தடபுடலாகச் செய்தால்தான் எடுபடும்.

அன்று மாலை பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைக்க அனுமதி வாங்கினான். கேன்டீனில் சொல்லி ஆளுக்கு இரண்டு போண்டா ஏற்பாடு செய்தான். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஏணி பிடித்தவர்கூட வந்திருந்தார்.

"ரேஷன் கடைக்கு எதிர்லதான் வெக்கணும்" என்று செல்வமேரி தொடங்கினாள். "பொம்பளைங்க நிக்கற எடத்துல நாலு பேர் நடமாட்டம் வேணும்."

"ரேஷன் கடையாண்டயா?" எழிலரசன் துள்ளி எழுந்தான். "அரிசி போடற அன்னிக்கு கியூ மொத்தமும் நம்ம குடைக்குள்ளதான் நிக்கும். நாம வெளிய நின்னு வேடிக்கை பாக்கணும். ஏரிக்கரை வளைவுதான் கரெக்டு. ஜிலுஜிலுன்னு காத்து வரும்."

"காத்து வரும். பின்னாடியே பாம்பும் வரும்."

"ரெண்டும் வாணாம்" என்றார் பெயின்ட் செக்‌ஷன் சுப்பிரமணி, வாயில் போண்டாவோடு. "திருமலை டீக்கடை பக்கத்துல வெச்சா டீ குடிச்சுகினே நிக்கலாம்."

"நீ டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்துடும்."

ஜோயல் கையை உயர்த்தினான். "சரி, சரி. எந்தப் பக்கம் அதிகம் பேர் இருக்காங்களோ அந்த இடத்தை வெச்சுக்கலாம்."

"அப்போ கொஞ்ச பேரா இருக்கறவன் வெயில்ல காஞ்சு சாவணுமா சார்? இதான் உங்க பங்கேற்பா?" என்றான் எழிலரசன். பங்கேற்பு என்ற சொல்லை ஜோயலே அப்போதுதான் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தான்.

அரை மணி முடிந்தது. போண்டாவும் முடிந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் இப்படித்தான் ஆகும் என்று ஜோயல் ஒரு கமிட்டி போட்டான். ஒரு இடத்துக்கு ஒரு ஆள் என்று மூன்றே பேர். செகண்ட் ஷிஃப்டுக்கு ஆள் இல்லையே என்று ஒரு குரல் வந்தது. சேர்த்தான். லீவில் இருப்பவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டாமா? சேர்த்தான். குட்டையானவர்கள் சார்பில் ஒருவர் வேண்டும், உயரமானவன் முன்னால் நின்றால் மழைச்சாரல் குட்டையானவன் மேல்தான் அடிக்கும் என்றாள் ஒருத்தி. அதைத் தட்ட முடியவில்லை. புதன்கிழமை காலை கமிட்டியில் எல்லாரும் இருந்தார்கள். வெளியே இருந்தவர் பாண்டுரங்கன் ஒருவர்தான். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேசிப் பயனில்லை, இடத்தை நேரில் பார்த்தால் புரிந்துவிடும் என்று அன்று மாலை ஜோயல் மூன்று மூங்கில் கழிகளோடு சேரப்பணஞ்சேரியில் இறங்கினான். அக்னி நட்சத்திர வெயில் மாலையிலும் இறங்கியபாடில்லை. மூன்று இடத்திலும் சிவப்புத் துணி கட்டிக் கழியை நட்டான். ஒவ்வொரு கழியடியிலும் கமிட்டி நின்றது, சண்டை போட்டது, அடுத்த கழிக்கு நகர்ந்தது. ஏரிக்கரையில் செல்வமேரி போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன.

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனா எல்லாரும் ஒத்துப்பாங்க" என்று ஜோயல் அவளையும் எழிலரசனையும் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான்.

"இந்த ஆளோடயா? என் பொணங்கூட ஒத்துப்போவாது" என்றாள் செல்வமேரி.

ஜோயல் மனம் வெறுத்துப்போய் ரோட்டுக்கு வந்தான். தண்ணீர் குடிக்கலாம் என்று சற்று நேரம் கழித்துத் திருமலை டீக்கடைக்குள் நுழைந்தான். உள்ளே செல்வமேரியும் எழிலரசனும் ஒரே டீயை இரண்டு கிளாஸில் பகிர்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழிலரசன் மேசையைத் தட்டினான். "ஏரிக்கரைதான்! சொல்லிட்டேன்!"

தன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள் என்று ஜோயலுக்குப் பட்டது. தண்ணீர் குடிக்காமலே வெளியே வந்துவிட்டான். அந்த வேதனை படப்பை வரை அவனோடு வந்தது.

வியாழக்கிழமை காலை பஸ் நின்றபோது நட்ட இடத்தில் ஒரு கழியும் இல்லை. மூன்றும் திருமலை டீக்கடைக் கீற்றுக் கூரைக்கு முட்டுக் கொடுத்து நின்றன. இது சுப்பிரமணி செய்த சதி என்று இரண்டு கட்சியும் கத்தின. கத்திக்கொண்டே எல்லாரும் அந்தக் கீற்று நிழலில்தான் நின்றார்கள்.

இனி ஒரே வழி, ரகசிய ஓட்டு. பஸ்ஸிலேயே ஒரு பிஸ்கட் டின்னைச் சுற்றுக்கு விட்டான். பக்கத்து ஆளுக்குத் தெரியாமல் கையால் மறைத்து எழுதினார்கள். என்ன மும்முரம்! கம்பெனி வாசலில் பாண்டுரங்கனைச் சாட்சியாக வைத்து எண்ணினான். ரேஷன் கடை, ஏரிக்கரை, டீக்கடை, மூன்றும் ஒரு ஓட்டுகூட ஏறாமல் குறையாமல் சரிசமம். மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அவசரமாக அதைப் பிரித்தான்.

'ஜோயல் சார் நல்லா இருக்கணும்' என்று எழுதியிருந்தது.

"யாரு எழுதினது இது? நீங்க எந்த இடம்னு சொன்னா முடிஞ்சுது! ஒரே ஒரு வார்த்தை!" ஜோயல் கெஞ்சினான்.

எல்லாரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள்.

"செல்லாத ஓட்டு சார்" என்றான் எழிலரசன் கறாராக.

மாலையில் ஷெர்லின் போன் செய்தாள். "அப்பா ஃபாதரைப் பாக்கக் கிளம்பிட்டாரு. ஓலையை வாசிக்கச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவான்னு கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"நாளைக்கு வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

"நாளைக்கு ஆயிடும் இல்ல?"

அவள் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டதும் ஜோயலுக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டு பஸ்ஸில் செல்வமேரி சீட்டுக்கே போனான். "அக்கா, நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டுக் கொடுங்க. எந்த இடமா இருந்தாலும் சரி. இது முடியலன்னா எனக்கு வேலையும் இல்ல, கல்யாணமும் இல்ல. உங்க தம்பியா நினைச்சுக்கங்க."

செல்வமேரியின் கண் கலங்கியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"முடியாது சார்" என்றாள் அவள். "இது கொள்கைப் பிரச்சினை."

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் டைரக்டரின் கார் சேரப்பணஞ்சேரியில் நின்றது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டை சீக்கிரம் விட்டு எல்லாரையும் அழைத்து வந்திருந்தார்கள். மதிவதனி மேடம் கண்ணாடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"உங்க எல்லாரையும் கேட்டாங்களா?" டைரக்டர் இங்கிலீஷில் கேட்க, மேடம் தமிழில் சொன்னார்.

"கேட்டாங்கோ!" ஒரே குரல். கொக்குகள் மறுபடியும் எழுந்தன.

"யாரையாவது விட்டுட்டாங்களா?"

"கனவுல கூட வந்து கேட்டாரு சார்" என்றார் சுப்பிரமணி.

ஜோயலுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"சரி, எந்த இடத்துல கட்டணும்?"

அவ்வளவுதான். "ரேஷன் கடை!" "ஏரிக்கரை!" "டீக்கடை!" செல்வமேரி எழிலரசனின் சட்டையைப் பிடித்தாள். எழிலரசன் சுப்பிரமணியைத் தள்ளினான். குட்டையானவர்களின் பிரதிநிதி எல்லாருக்கும் நடுவே நின்று சாரலைப் பற்றிக் கூவினாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். ஜோயல் தன் சட்டைப் பைக்குள் இருந்த மஞ்சள் அட்டையைத் தடவிப் பார்த்தான். இன்று மாலை கேட்டில் இதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

டைரக்டர் வெயில் தாங்காமல் டீக்கடைக் கீற்றுக்குக் கீழே ஒதுங்கினார். வெகு நேரம் அந்தச் சண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

அவர் சொன்னதை மேடம் நம்ப முடியாமல் தமிழில் சொன்னார். "இத்தனை ஊருக்குப் போயிருக்காராம். எல்லா இடத்துலயும் ஜனங்க தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்களாம். முதல் தடவையா இங்கதான் உண்மையான பங்கேற்பைப் பாக்கறாராம். அவசரப்பட்டு இதை முடிக்கக் கூடாதாம். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லையாம். இது முடியற வரைக்கும் இந்தப் பையனை எங்கேயும் அனுப்பக் கூடாதாம்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. மேடம் ஜோயலைத் தனியே கூப்பிட்டார்.

"உன்கிட்ட மறைக்கக் கூடாது ஜோயல். இன்னிக்கு முடிவு வந்திருந்தா, இன்னிக்கே உன்னை அனுப்பிடச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர். பர்மனென்ட் இடம்னு ஒண்ணு எப்பவும் இருந்ததே இல்ல. எனக்குச் சொல்ல வாய் வரல. நீ முடிக்காம விட்டது உன் நல்ல நேரம்."

ஜோயலுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, கடைசியில் சிரிப்பும் வந்தது. ஷெர்லினுக்குப் போன் செய்தான். பெரியநாயகமே போனைப் பிடுங்கினார்.

"ஒரு வருஷம்னு டைரக்டர் வாயாலயே சொன்னாரா? நான் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன் தம்பி, கடைசி வரைக்கும் மாசா மாசம்தான் புதுப்பிச்சானுங்க. ஒரு வருஷம்னு எவனும் சொன்னதில்ல. சரி, ஓலையை வாசிக்கச் சொல்லிடறேன்."

மாலை வெயில் சாய்ந்தபின் ஜோயல் பாண்டுரங்கனின் பஸ்ஸில் ஏறினான். படப்பைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான். ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தான். ரோட்டோரம் அந்தக் கும்பல் இன்னும் கலையாமல் நின்றுகொண்டிருந்தது. செல்வமேரி கையை ஆட்டினாள். எழிலரசன் இரண்டு கையையும் ஆட்டினான். அவர்கள் தலைக்கு மேல் நிழல் என்று சொல்ல ஒரு கிளைகூட இல்லை. ஜோயலுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

"பாவம்ண்ணா இவங்க" என்றான். "என் பிழைப்பு ஒரு மாதிரி ஓடிடும். ஆனா இவங்க கொஞ்சம் ஒத்துமையா இருந்திருந்தா அடுத்த மாசமே குடை எழும்பியிருக்கும்."

பாண்டுரங்கன் கியரை மாற்றிவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"இன்னா சார், இன்னுமா புரியல? ரேஷன் கடைக்கு எதிர்லன்னு செவ்வாக்கெழம காலைலயே இந்த பஸ்ஸுல எல்லாரும் ஒத்துமையா முடிவு பண்ணிட்டாங்கோ. வேலைய முடிச்ச மஞ்சக் கார்டை எந்தக் கம்பெனி வெச்சுகினு இருந்துகீது, இன்னும் ஒரு வருசம் வெயில்ல நின்னா நாம இன்னா கரைஞ்சா பூடுவோம்னு செல்வமேரியக்காதான் எல்லாரையும் சண்டை போடச் சொல்லிச்சு."